அருகில் நின்ற பனிமலை



ஞாயிறு காலைச் செபத்தில் குருக்கள் சொல்லும் பாடல்களுள் ஒன்று, தானியேல் நூலில் வரும் மூன்று இளைஞர் பாடியது. அரசனின் கட்டளையால் தீச்சூளைக்குள் எறியப்பட்ட அவ்விளைஞர்கள் கதிரவனையும் நிலவையும், மழையையும் மலைகளையும் ஆண்டவரைப் போற்ற அழைக்கிறார்கள். அத்தோடு நிற்கவில்லை. சுற்றிலும் நெருப்பு எரியும்போதே பனியையும் உறைந்த நீரையும்கூட விடாமல் அழைக்கிறார்கள். அக்கினி நட்சத்திர நாட்களில், மின்விசிறி சுழன்றும் வியர்வை ஆறாத நம் காஞ்சிபுரத்துக் கோவிலில் அமர்ந்து அவ்வடிகளைச் சொல்லும்போதெல்லாம் நமக்குச் சற்றே நகைப்பு வருவதுண்டு. இவ்வூரில் பனிக்கட்டி என்றால் மீன் கடைப் பெட்டியிலும் கரும்புச் சாற்றுக் கடையிலும் காண்பதுதானே! அது எங்கே இறைவனைப் போற்றப் போகிறது என்று எண்ணியிருந்தோம்.

கடந்த கோடையில் அந்த நகைப்பு நம்மை விட்டு அகன்றது. அதனை அகற்றியவர் நம் பங்கைச் சேர்ந்த நெசவாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர். மின்பணி பயின்ற அவர், அண்டார்க்டிகாவில் நம் நாடு நடத்தும் 'பாரதி' ஆய்வு நிலையத்தில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றித் திரும்பியிருந்தார். ஒரு ஞாயிறன்று மாலை, பங்கு மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி, தாம் எடுத்து வந்த நிழற்படங்களை மக்களுக்குக் காட்டினார். மறைக்கல்விப் பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் அமர்ந்தனர். தறியை நிறுத்திவிட்டு வந்த பெரியவர்கள் பின்னால் நாற்காலிகளில் அமர்ந்தனர். நாமும் ஓர் ஓரத்தில் அமர்ந்தோம்.

துருவத்துக்கு நம்மவர் செல்வது புதிதன்று. 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வே நாட்டுக் கப்பல் நம் நாட்டின் முதல் ஆய்வுக் குழுவை ஏற்றிக்கொண்டு கோவாவிலிருந்து புறப்பட்டது. கடலியல் அறிஞர் டாக்டர் காசிம் அவர்களின் தலைமையில் சென்ற 21 பேர், 1982 ஜனவரி 9-இல் அண்டார்க்டிகாவில் கால் பதித்தனர். பிப்ரவரி 21-இல் கோவாவுக்குத் திரும்பினர். பின்னர் அமைந்த 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் சில ஆண்டுகளில் பனியில் புதைந்து கைவிடப்பட்டது. 1989-இல் 'மைத்ரி' நிலையமும், 2012-இல் 'பாரதி' நிலையமும் எழுந்தன. அறிவியலாளர் மட்டுமன்றி மருத்துவர், சமையற்காரர், மின்பணியாளர், வண்டியோட்டி எனப் பலரும் அங்கே தேவைப்படுகின்றனர். கோடையில் பலர் வருவர்; குளிர்காலம் முழுவதும் தங்குவோர் சிலரே. நம் இளைஞர் அச்சிலருள் ஒருவர்.

தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கதையை முதலில் சொன்னார். தென்கடலின் பேரலைகளில் கப்பல் தொட்டில்போல் ஆட, பல நாள் உணவு வயிற்றில் தங்கவில்லையாம். ஒரு விடியலில் ஆட்டம் சற்றே அடங்கிற்று. மேல்தளத்துக்கு ஏறியவரின் எதிரே முதல் பனிமலை நின்றது. அந்தப் படம் திரையில் விழுந்ததும் மண்டபத்தில் பேச்சொலி அடங்கிவிட்டது. அது நாம் எண்ணியிருந்த கூரிய சிகரமன்று. கத்தியால் சீவிய பலகைபோல் மேற்புறம் தட்டையாக, நீள நெடுகச் சுவராக நின்றது. அடிவாரத்தில் அலை குடைந்த குகைகள்; குகைக்குள் மயில் கழுத்து நீலம்.

"சாயம் போட்ட மாதிரி இருக்கே!" என்று பின்வரிசையில் ஒரு நெசவாளர் வியந்தார். சாயமன்று என்று இளைஞர் விளக்கினார். அண்டார்க்டிகா நிலத்தின்மேல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்த பனி, தன் பாரத்தாலேயே அழுந்தி அழுந்திக் கட்டியாகிறது. அழுத்தத்தால் உள்ளிருந்த காற்றுக் குமிழிகள் சுருங்கி மறைகின்றன. அத்தகைய கெட்டிப் பனிக்கட்டி ஒளியிலுள்ள சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை நமக்குத் திருப்பித் தருகிறது. நிலத்தின்மேல் மெல்ல நகரும் அந்தப் பனிப்பாளம் கடலை எட்டி, விளிம்பு உடைந்து மிதக்கும்போது பனிமலையாகிறது. உப்புக் கடலில் மிதந்தாலும் அது நன்னீரே. அதன் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கும்.

நிழற்படம் எடுப்பதிலுள்ள தொல்லைகளையும் அவர் ஒளிக்கவில்லை. முதல் நாள் எடுத்த படங்களில் பனி முழுவதும் அழுக்குச் சாம்பலாக விழுந்ததாம். கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சமுடையது என்றே எண்ணி அளக்கும். எதிரே முழுவதும் வெண்மை என்பது அதற்குத் தெரியாது. ஆகவே வெண்மையைக் குறைத்துச் சாம்பலாக்கிவிடும். எடுப்பவரே அதனைத் திருத்தி, கேமரா சொல்வதைவிட அதிக ஒளியை உள்ளே விடவேண்டும். அளவு மிஞ்சினாலோ பனியின் மடிப்புகளெல்லாம் அழிந்து வெற்றுத் தாளாகிவிடும். குளிரில் மின்கலம் நிமிடங்களில் சோர்ந்துவிடுவதால், மாற்று மின்கலத்தைச் சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுவந்தால் உள்ளும் புறமும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே பைக்குள் இட்டு மூடி, அது மெல்லச் சூடேறும்வரை திறக்காமல் காத்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய தந்தை முதன்முறையாக வாய் திறந்தார். "எங்க தொழில்லயும் வெள்ளைதான் கஷ்டம், சாமி. அரக்குல தப்பு நடந்தா மறைஞ்சிடும். வெள்ளைப் பாவுல கை வேர்வை பட்டாக்கூடக் காட்டிக் குடுத்துடும்" என்றார். மண்டபம் சிரித்தது. மகனும் சிரித்தார்.

அடுத்து வந்தவை உயிரினங்களின் படங்கள். பனிக்கரடி எங்கே என்று பிள்ளைகள் கேட்டனர். பனிக்கரடி வடதுருவத்துக்கு உரியது, பெங்குவின் தென்பாதிக்கு உரியது, இரண்டும் ஒன்றையொன்று கண்டதேயில்லை என்று அவர் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பெரும் ஏமாற்றம். ஆனால் அடேலி பெங்குவின்கள் கல் பொறுக்கிக் கூடு கட்டுவதையும், அடுத்த கூட்டின் கல்லைத் திருடுவதையும் கண்டு அவ்வேமாற்றம் மறைந்தது. பேரரசப் பெங்குவின்களைப் பற்றி அவர் சொன்னது தாய்மாரைக் கவர்ந்தது. தாய் ஒரே ஒரு முட்டையிட்டு, அதனைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு இரை தேடக் கடலுக்குப் போய்விடுகிறது. துருவக் குளிர்காலத்தின் இருளில், தந்தை அம்முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்தி, ஏறத்தாழ இரண்டு மாதம் உணவின்றி நின்றே அடைகாக்கிறது. முட்டை பனியில் உருண்டால் குஞ்சு செத்துவிடும். நமக்கோ புனித சூசையப்பரின் நினைவு வந்தது. அவர் பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. ஒப்படைக்கப்பட்டதைக் காத்து நின்றார் என்பதே அவருடைய வரலாறு.

விலங்குகளைப் படமெடுப்பதற்கு அங்கே ஒழுங்குகள் உண்டு. பெங்குவினுக்கு 5 மீட்டர் தொலைவுக்குள் மனிதர் நெருங்கலாகாது. அது நடக்கும் பாதையை மறிக்கக் கூடாது. நம்மைக் கண்டு அது தலையைத் தூக்கினாலோ நடையை மாற்றினாலோ, நாம் எல்லை மீறிவிட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும். "ஆனா நாம அசையாம உக்காந்திருந்தா, அதுவா நம்மகிட்ட வரும், ஃபாதர். ஒரு பெங்குவின் வர்றதுக்காக ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்திருந்தேன்" என்றார். அந்தப் படத்தையும் காட்டினார். அப்பறவையின் கண்ணுக்குள் வானம் தெரிந்தது. கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று.

கூட்டம் கலைந்தபின், திரையைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் கோவில் படிக்கட்டில் வந்து அமர்ந்தார். நாமும் அருகே அமர்ந்தோம். அங்கே அவர் சொன்னதை அவருடைய இசைவு பெற்றே இங்கு எழுதுகிறோம். அது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, படிக்கட்டில் கேட்டது.

அவர் பாரதி நிலையத்தில் இருந்தபோது, சூரியன் உதிக்காத குளிர்கால மாதம் ஒன்றில், இங்கே அவருடைய ஆயா இறந்துபோனார். அந்த அம்மையாரை நாம் நன்கு அறிவோம். வாசற்படி ஓரம் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றியபடியே செபமாலை சொல்லுவார். கோர்வை நெசவுக்கு ஆள் வராத நாட்களில் தறியின் மறுபக்கம் அமர்ந்து நாடா தள்ளுவார். அக்குளிர்காலத்தில் கப்பலும் வாராது, விமானமும் இறங்காது. அடக்கத் திருப்பலியைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பேரன் தம் அறைக்குப் போய் அமர்ந்தார். மறுநாள் வீட்டிலிருந்து மீண்டும் அழைப்பு: "தம்பி, நினைவு அட்டைக்கு ஆயா போட்டோ வேணும். உன்கிட்ட இருக்குமே?"

இல்லை. கேமராவிலும் இல்லை, கைபேசியிலும் இல்லை. இறுதியில் வீட்டார் ஆதார் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டனர். அப்படத்தில் ஆயா, திடுக்கிட்டு விழித்த முகத்தோடு, அவராகவே இல்லை.

"நாலாயிரம் படம் எடுத்திருக்கேன், ஃபாதர். ஒரே பனிமலையை நாப்பது விதமா எடுத்திருக்கேன். ஆயாவை ஒண்ணுகூட எடுக்கலை. அவங்க எங்க போயிடப் போறாங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

என்ன மறுமொழி சொல்வது? ஆறுதல் சொல்வது எங்கள் தொழில் என்று மக்கள் எண்ணுகிறார்கள். ஆனால் உண்மையான துயரத்தின் முன் எங்களுக்கும் சொல் எளிதில் வருவதில்லை. குருமட நூலகத்தில் இளமையில் படித்த துருவப் பயணக் கதைகளுள் இரண்டு நினைவுக்கு வந்தன. அவற்றையே அவருக்குச் சொன்னோம்.

ஒன்று, ஒரு நூலின் கதை. ஆங்கிலேயரான ஸ்காட்டும் தோழர் நால்வரும் 1912 ஜனவரி 17-இல் தென்துருவத்தை அடைந்தனர். நார்வேக்காரரான அமுன்ட்சன் 1911 டிசம்பர் 14-இலேயே அங்கு வந்து போய்விட்டதை அறிந்து மனம் ஒடிந்தனர். மறுநாள் ஐவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். எடுப்பதற்கு ஆறாவது ஆள் யார்? கேமராவின் விசையில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியைக் கையில் பிடித்து அமர்ந்தபடியே இழுத்தவர் ஹென்றி பவர்ஸ். ராயல் இந்தியன் மரீன் என்னும் இந்தியக் கடற்படைப் பணியிலிருந்து அப்பயணத்துக்குச் சென்றவர் அவர், வயது 28. அக்குழுவின் நிழற்படக் கலைஞரான ஹெர்பர்ட் பாண்டிங், பனிக் குகைக்குள்ளிருந்து கப்பலைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர், துருவத்துக்குச் செல்லவில்லை. கேமராவைக் கையாள பவர்ஸுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஐவரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. 1912 நவம்பர் 12-இல் தேடிச் சென்றவர்கள், பனி மூடிய கூடாரத்துக்குள் ஸ்காட், வில்சன், பவர்ஸ் ஆகிய மூவரின் உடல்களைக் கண்டனர். உடன் இருந்த பொருட்களில் அந்தப் படச்சுருளும் இருந்தது. அதைக் கழுவியபோது ஐந்து முகங்களும் தெரிந்தன. களைப்பும் தோல்வியும் மறையாத முகங்கள். ஆயினும் ஐவரும் ஒன்றாக. பாண்டிங் எடுத்த பனிமலைகள் அழகில் நிகரற்றவை. எனினும் அப்பயணத்தை நினைக்கும்போது உலகின் கண்முன் முதலில் நிற்பது, நூலை இழுத்து எடுத்த அந்த எளிய படமே. சாகும் தறுவாயில் ஸ்காட் எழுதிய கடிதங்களுள் ஒன்று பவர்ஸின் தாயாருக்கு எழுதியது.

மற்றொன்று, கண்ணாடிகளின் கதை. ஷாக்கில்டன் தலைமையில் சென்ற 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915-இல் உறைகடலில் சிக்கி நசுங்கியது. அதிலிருந்த நிழற்படக் கலைஞர் ஃபிராங்க் ஹர்லி, ஆஸ்திரேலியர். மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள், பனிக் கூழான நீரில் இறங்கி, கண்ணாடித் தகடுகளில் எடுத்திருந்த படங்களை மீட்டார். மீட்டாரேயொழிய, யாவற்றையும் கொண்டுசெல்ல வழியில்லை. இனிப் படகிலும் பனியிலும் உயிர் தப்ப வேண்டும். பாரம் குறைக்கப்பட வேண்டும். ஷாக்கில்டனும் ஹர்லியும் பனியின்மேல் அமர்ந்து ஒவ்வொரு தகடாக ஒளியில் பிடித்துப் பார்த்தனர். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400 தகடுகளை அங்கேயே உடைத்தனர். பின்னர் மனம் மாறித் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே உடைத்தனர். அதன்பின் ஹர்லியிடம் எஞ்சியிருந்தது ஒரு சிறு கைக்கேமராவும் மூன்று படச்சுருள்களுமே. பயணத்தின் எஞ்சிய மாதங்கள் முழுமைக்கும் அவ்வளவுதான். அக்கப்பலில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தனர். அந்த 120 படங்களும் பிழைத்தன.

"உன் கையில் மூன்றே சுருள் இருந்திருந்தால், எதை எடுத்திருப்பாய்?" என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. வேலையிருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.

அவர் போனபின் அக்கேள்வி நம்மையே திரும்பிப் பார்த்தது. பங்கின் பொன்விழாவுக்கு எடுத்த படத் தொகுப்புகள் நான்கு நம் அலமாரியில் உள்ளன. எடுத்துப் புரட்டினோம். ஆயர் பெருந்தகை வருகை, தேர்ப் பவனி, மேடை, மாலை, பொன்னாடை. எங்கு பார்த்தாலும் நாம் இருக்கிறோம். நாள்தோறும் விடியலில் கோவிலைப் பெருக்கி, பீடத்துக்குப் பூ வைக்கும் மூதாட்டி ஒரு படத்திலும் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய துடைப்பம் மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைக் கண்டு வெட்கினோம். இதை எழுதாமல் விட்டால் இப்பகுதியில் மற்றவர்க்கு அறிவுரை சொல்ல நமக்குத் தகுதியில்லை.

அன்பர்களே, அரிதானதைக் காண்பதற்கு மனிதன் சலிப்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து வெளிவரும் அத்திவரதரைக் காண 2019-ஆம் ஆண்டு நம் ஊருக்கு வந்த மக்கள் வெள்ளத்தை நாமெல்லாரும் பார்த்தோம். சில நொடிக் காட்சிக்காகப் பல மணி நேரம் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய பொறுமையை நாம் மதிக்கிறோம். ஆனால் வீட்டுத் திண்ணையில் தினமும் அமர்ந்திருப்பவரைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. அவர் நாளையும் இருப்பார் என்று நமக்கு நாமே உறுதி எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த உறுதி பனிமலைக்கே இல்லை. 1986-இல் அண்டார்க்டிகாவின் விளிம்பிலிருந்து ஒரு மாபெரும் பனிமலை உடைந்தது. ஏ-23-ஏ என்று அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர். பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். 2019-இல் பிரிக்கப்படுமுன் நம் காஞ்சிபுரம் மாவட்டம் இருந்த அளவை நெருங்கியது. அது உடைந்த இடத்துக்கு அருகிலேயே கடல் தரையில் தட்டி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. இனி அது அங்கேயே இருக்கும் என்று தோன்றியிருக்கும். 2020-ஐ ஒட்டி அது நகரத் தொடங்கிற்று. வடக்கே மிதந்து சென்று, 2025-இல் துண்டு துண்டாக உடைந்தது.

பனிமலை உடைவது இயற்கையின் ஒழுங்கே. ஆயினும் மனிதன் காற்றில் சேர்த்த வெப்பத்தால் ஒழுங்கு பிறழ்ந்தவையும் உண்டு. 2022-இல் அண்டார்க்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரத்தில் கடற்பனி காலத்துக்கு முன்பே உடைந்துபோனது. அங்கிருந்த ஐந்து பேரரசப் பெங்குவின் கூட்டங்களுள் நான்கில், குஞ்சுகளுக்கு நீர் புகாத சிறகு முளைக்குமுன் காலடிப் பனி கரைந்தது. அவை பிழைத்திருக்க வழியில்லை என்று, செயற்கைக் கோள் எடுத்த படங்களைக் கொண்டு 2023-இல் அறிவித்தனர். இரண்டு மாதம் பட்டினியாக நின்று தந்தை காத்த முட்டைகளை எண்ணிப் பாருங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், படைப்பைப் பேணுவதும் எளியோரைப் பேணுவதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்று நமக்கு உணர்த்தினார். தொலைவில் உள்ளதைக் கவனியாத கண், அருகில் உள்ளதையும் கவனிப்பதில்லை.

ஆகவே துருவத்துக்குப் போவதும் படமெடுப்பதும் வீண் என்று நாம் சொல்லவில்லை. அந்த இளைஞர் காட்டிய படங்களால்தான் தீச்சூளைப் பாடலின் பொருள் நமக்கு விளங்கிற்று. வெப்பத்தில் நின்றவர்கள் தம் கண்ணுக்கு எட்டாத குளிரையும் மறவாமல் இறைவன் முன் கொண்டுவந்தார்கள். நாம் சொல்வது வேறு. பனியின்மேல் அமர்ந்து ஒரு பறவைக்காக மதியம் முழுவதும் காத்திருந்த அதே பொறுமை, நம் வீட்டு முற்றத்துக்கும் உரியது. கேமரா அளப்பது சரியன்று, எதிரே இருப்பது வெண்மை என்று எடுப்பவர் திருத்துகிறாரே, அந்தத் திருத்தம் நம் வீட்டாரைப் பார்க்கும் பார்வைக்கும் வேண்டும். பழக்கத்தால் நம் கண் எவரையும் சாம்பலாக்கிவிடுகிறது.

சில வாரங்களுக்குப்பின், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசென்ற வழியில் அவ்வீட்டுக்குள் நுழைந்தோம். தந்தை குழித்தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். மகன் சுவரோரம், தறியிலிருந்து சற்றுத் தள்ளி, தரையில் அமர்ந்திருந்தார். மடியில் கேமரா, ஆனால் அதைத் தொடவில்லை. ஆயாவின் ராட்டை அருகே இருந்தது. பேச வாயெடுத்த நம்மை, சற்றுப் பொறுங்கள் என்று கையால் அமர்த்தினார்.

தாயார் அடுக்களையிலிருந்து வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "மூணு நாளா இப்படித்தான் உக்காந்திருக்கான், சாமி. மொத நாள் கேமராவைப் பார்த்ததும் இவரு சட்டை மாத்திக்கிட்டு வந்து விறைப்பா உக்காந்தாரு. இவன் எடுக்கலை. இப்போ அவருக்கே மறந்து போச்சு."

உண்மைதான். அவர் மறந்துவிட்டிருந்தார். இழை ஒன்று அறுந்தது. தறியை நிறுத்தி, குனிந்து, அறுந்த இரு முனைகளையும் விரல் நுனியில் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத அந்த முடிச்சைப் போட்டார். முடித்ததும், மறுபக்கத்தில் நாடா தள்ள ஆள் இருக்கிறார் என்ற பழைய நினைவில் தலை நிமிர்ந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அந்தக் கணத்தில் ஒரே ஒரு முறை விசையின் ஒலி கேட்டது.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டு மாடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே உள்ளது. பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயாவின் படம் இன்னமும் அந்த ஆதார் படம்தான். அதை மாற்ற இனி வழியில்லை. ஆனால் தந்தை பார்க்கும் திசையில் அவர் இருக்கிறார் என்பதை அவ்வீட்டார் அறிவார்கள்.

நாமும் மறுநாள் விடியலில் பூ வைக்க வந்த மூதாட்டியிடம் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றோம். "என்னை எதுக்கு சாமி?" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அவசரப்படாமல், ஐந்து மீட்டர் தள்ளி, முதல் இருக்கையில் அமர்ந்து காத்திருக்கிறோம். இன்னும் எடுத்தபாடில்லை. ஆனால் அவர் பீடத்தில் பூ அடுக்கும் அழகை, இத்தனை ஆண்டுகளில் இப்போதுதான் பார்க்கிறோம்.

நம் குடும்பங்கள் அனைத்தையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.